பக்கத்து ரவுட்டர் எத்தனை வழி சொல்லலாம்?

(ஆடியோ எபிசோடை வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம் இது.)

போன எபிசோடுல டிஎன்எஸ் பத்திப் பேசினோம். பேரைக் கொடுத்தா ஐபி நம்பர் எப்படி வருதுன்னு பார்த்தோம். நம்பர் வந்தாச்சு, சரி. அந்த நம்பர் இருக்கிற இடத்துக்கு உங்க பாக்கெட்டுக்கு யார் வழி சொல்றது? அந்த வழி தப்பா இருந்தா என்ன ஆகும்? இன்னைக்கு அதைப் பத்தித்தான். அதுலயும் குறிப்பா ஒரே ஒரு செட்டிங். ரவுட்டர்ல ஒரு வரில எழுதிடலாம். அந்த ஒரு வரி ஒரு இடத்துல இல்லாததால இன்டர்நெட்ல ஒரு பெரிய பகுதியே ரெண்டு மணி நேரம் தடுமாறின கதையும் இருக்கு.

நெட்வொர்க்கிங் படிக்காதவங்களும் பயப்படாம கேளுங்க. காலேஜ்ல கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல எல்லாருமே ஓஎஸ்பிஎஃப், ஆர்ஐபி படிச்சிருப்போம். பிஜிபிக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கி, "முக்கியமான 2 மார்க்"னு தாண்டிப் போயிருப்பாங்க. ஆனா உலகத்து நெட்வொர்க்குகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வச்சிருக்கிறதே அந்த பிஜிபிதான்.

முதல்ல மூணு விஷயம்

இன்டர்நெட்னு ஒரே ஒரு நெட்வொர்க் கிடையாது. 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள் சேர்ந்ததுதான் அது. ஏர்டெல் ஒண்ணு, ஜியோ ஒண்ணு, கூகுள் ஒண்ணு. சில பேங்குகள், யுனிவர்சிட்டிகள் கூட சொந்தமா வச்சிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏஎஸ் நம்பர் உண்டு. இந்த நெட்வொர்க்குகளோட ஓரத்துல இருக்கிற ரவுட்டர்கள் பக்கத்து நெட்வொர்க் ரவுட்டர்கிட்ட பேசுற மொழிதான் பிஜிபி. 1989ல வந்தது. அதோட முதல் டிசைனை சாப்பாட்டு மேஜை நாப்கின்ல வரைஞ்சாங்கன்னு இன்னைக்கும் சொல்வாங்க.

என்ன பேசிக்கும்? "இந்த முகவரி பிளாக்குக்குப் போகணுமா? என் வழியா போகலாம்." அவ்வளவுதான். அந்த முகவரி பிளாக்கைத்தான் ப்ரிஃபிக்ஸ்னு சொல்றோம். /20ன்னு போட்டிருந்தா அதுல 4096 முகவரி. /21னா 2048. ஸ்லாஷுக்குப் பின்னாடி இருக்கிற நம்பர் ஏற ஏற பிளாக் சின்னதாகும். இன்னைக்கு ஐபிவி4ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 10 லட்சம் ப்ரிஃபிக்ஸ் ஓடிட்டிருக்கு.

இப்போ முக்கியமான மூணு விஷயம்.

ஒண்ணு: பக்கத்து ரவுட்டர் சொல்றது உண்மையான்னு பிஜிபி தானா சரிபார்க்காது. அது வடிவமைக்கப்பட்ட காலத்துல பேசிக்கிட்டவங்க எல்லாருமே கிட்டத்தட்ட ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. சொன்னா நம்பிடும்.

ரெண்டு: ஒரே இடத்துக்கு ரெண்டு வழி இருந்தா, குறிப்பா சொல்ற வழிதான் ஜெயிக்கும். ஒரு போர்டுல "அடையாறு - நேரே போகவும்"னு இருக்கு. இன்னொண்ணுல "அடையாறு காந்தி நகர் - இடது பக்கம் திரும்பவும்"னு இருக்கு. நீங்க காந்தி நகர் போறீங்கன்னா ரெண்டாவது போர்டைத்தானே நம்புவீங்க? ரவுட்டரும் அப்படித்தான். /20ம் /21ம் வந்தா, அந்த /21க்குள்ள இருக்கிற முகவரிக்கு /21 சொல்ற பக்கம்தான் போகும். மத்தது எதையும் பார்க்காது.

மூணு: ஒரே ப்ரிஃபிக்ஸுக்கு பல பேர் வழி சொன்னா, காசு கொடுக்கிற கஸ்டமர் சொல்ற வழிக்கு ஐஎஸ்பி முன்னுரிமை கொடுக்கும். கஸ்டமர் வழியா டிராஃபிக் போனா வருமானம், அப்ஸ்ட்ரீம் வழியா போனா செலவு. எந்த நெட்வொர்க்கும் வழக்கமா இப்படித்தான் செட் பண்ணும். தப்பு ஒண்ணும் இல்லை.

இந்த மூணையும் மனசுல வச்சுக்கோங்க. கதைக்குப் போகலாம்.

2019 ஜூன் 24, திங்கட்கிழமை

நம்ம நேரம் சாயங்காலம் 4 மணி. அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் காலை 6.30. திடீர்னு டிஸ்கார்ட் திணறுது. கிளவுட்ஃப்ளேருக்குப் பின்னாடி இருக்கிற ஆயிரக்கணக்கான வெப்சைட்டுகள் பல பேருக்குத் திறக்கலை. அமேசான், லினோட் முகவரிகள்லயும் பிரச்சினை. இந்த கம்பெனிகளோட சர்வர் எதுலயும் கோளாறு இல்லை. எல்லாம் ஜம்முனு ஓடிட்டிருக்கு. பாக்கெட் வந்து சேரலை, அவ்வளவுதான்.

எங்க போச்சு அந்தப் பாக்கெட்டெல்லாம்? பென்சில்வேனியாவுல இருக்கிற ஒரு உலோகக் கம்பெனிக்கு.

விளையாட்டுக்குச் சொல்லலை. பென்சில்வேனியாவுல டிக்யூஇ-னு ஒரு பிராந்திய ஐஎஸ்பி. அவங்க பிஜிபி ஆப்டிமைசர்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சிருந்தாங்க. வெளியிலிருந்து வர்ற பெரிய பிளாக்குகளை அது தன் நெட்வொர்க்குக்குள்ள மட்டும் சின்னச் சின்னதா உடைச்சுக்கும். பாதி இந்த லிங்க்ல, பாதி அந்த லிங்க்லனு டிராஃபிக்கைப் பிரிக்க வசதி. உதாரணத்துக்கு கிளவுட்ஃப்ளேரோட 104.20.0.0/20 பிளாக். அதை 104.20.0.0/21, 104.20.8.0/21னு ரெண்டா உடைச்சுது. இந்த உடைச்ச ரூட்டுகள் உண்மையில இன்டர்நெட்ல எங்கயுமே கிடையாது. இவங்க வீட்டுக்குள்ள மட்டும் புழங்குற போர்டுகள். வாசப்படி தாண்டவே கூடாது.

தாண்டிடுச்சு. டிக்யூஇ-யோட கஸ்டமர் அலிகெனி டெக்னாலஜீஸ், உலோகம் தயாரிக்கிற கம்பெனி. அவங்களுக்கு இந்த ரூட்டெல்லாம் போச்சு. அவங்களுக்கு இன்னொரு ஐஎஸ்பி லிங்க்கும் இருந்தது, வெரைசன். ஒரு பக்கம் கேட்டதை அவங்க ரவுட்டர் அப்படியே இன்னொரு பக்கம் சொல்லிடுச்சு. "கிளவுட்ஃப்ளேர் போகணுமா? அமேசான் போகணுமா? என் வழியா வாங்க."

வெரைசன் அமெரிக்காவோட பெரிய நெட்வொர்க்குகள்ல ஒண்ணு. அது இதை நம்பிடுச்சு. கஸ்டமர் சொன்னதாச்சே, மூணாவது விஷயம். உலகத்துக்கும் திருப்பிச் சொல்லிடுச்சு. உடைச்ச சின்ன பிளாக் என்பதால கேட்ட எல்லா ரவுட்டரும் அதையே தேர்ந்தெடுத்தது, ரெண்டாவது விஷயம். யாரும் நிறுத்தி "உண்மையாவா?"ன்னு கேட்கலை, முதல் விஷயம். மூணும் ஒரே நாள்ல சேர்ந்து வேலை செஞ்சா இதுதான் ஆகும்.

20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரிஃபிக்ஸ், சுமார் 2400 நெட்வொர்க்குகளுக்குச் சொந்தமானது, இப்படி லீக் ஆச்சு. ஒரு கம்பெனி ஆஃபீஸுக்காகப் போட்ட லிங்க்ல அத்தனை பேரோட டிராஃபிக்கும் போய் மோதினா எப்படி இருக்கும்? மோசமான நேரத்துல தங்களோட உலகளாவிய டிராஃபிக்ல சுமார் 15 சதவீதம் காணாம போச்சுன்னு கிளவுட்ஃப்ளேர் சொன்னது. சரியாக ரெண்டு மணி நேரம் பிடிச்சது.

இங்க ஒண்ணைக் கவனிங்க. யாரும் ஹேக் பண்ணலை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆப்டிமைசர் அதோட வேலையைச் செஞ்சது. உலோகக் கம்பெனிக்கு நெட்வொர்க் நடத்துறது தொழிலே இல்லை, அவங்களுக்கு இன்டர்நெட் வேணும், ரெண்டு லிங்க் வாங்கியிருக்காங்க. இந்தச் சங்கிலியில இதைப் பிடிச்சு நிறுத்தக்கூடிய அனுபவமும் ஆளும் இருந்த இடம் வெரைசன்தான்.

அந்த ஒரு வரி

உங்க தெருமுனை டீக்கடை அண்ணன்கிட்ட வழி கேட்கிறீங்க. அவருக்கு அந்தத் தெருவுல பத்து வீடு தெரியும். வருஷக்கணக்கா சரியாத்தான் சொல்றார். ஒருநாள் காலையில போனா, "சென்னையில இருக்கிற எல்லா வீட்டுக்கும் எனக்கு வழி தெரியும், எங்கிட்டயே கேளுங்க"ங்கிறார். அவர் சொல்ற ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியா போய்ச் சரிபார்க்கணுமா என்ன? பத்து வீடு சொன்னவர் 20 ஆயிரம் வீடு சொல்றார்ங்கிற அந்த எண்ணிக்கையே போதும், என்னவோ தப்பு நடந்திருக்குன்னு தெரிஞ்சுக்க.

மேக்சிமம் ப்ரிஃபிக்ஸ் லிமிட் இதுதான். பக்கத்து ரவுட்டர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். "உங்கிட்டேர்ந்து இத்தனை ரூட் வரைக்கும் எடுத்துக்கிறேன். அதைத் தாண்டினா பேச்சை நிறுத்திடுவேன்." பிஜிபியோட ஸ்டாண்டர்டுலயே, அதாவது 2006ல வந்த ஆர்எஃப்சி 4271லயே, இப்படி ஒரு உச்சவரம்பு வச்சுக்கலாம்னு எழுதியிருக்கு. வரம்பு வந்ததும் செய்ய ரெண்டு வழி கொடுக்குது. ஒண்ணு, கூடுதலா வர்ற ரூட்டை மட்டும் குப்பையில போட்டுட்டு பேச்சைத் தொடரலாம். இல்லேன்னா, செஷனையே துண்டிக்கலாம்.

முதல் வழி மென்மையா, நல்லதா தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. லிமிட் 100. அவங்களோட உண்மையான ரூட் 40. லீக் ஆனது 20 ஆயிரம். எது முதல்ல வருதோ அதுல 100 உள்ள வந்துடும். உண்மையான 40ம் அந்த நூறுக்குள்ள இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. பொய் உள்ள, உண்மை வெளியன்னு ஆகலாம். அதனால கஸ்டமர், பியர் செஷன்கள்ல பெரும்பாலும் ரெண்டாவது வழியைத்தான் எடுக்கிறாங்க. செஷன் துண்டிக்கிறப்போ ஏன் துண்டிச்சேன்னு எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லவும் "ப்ரிஃபிக்ஸ் எண்ணிக்கை தாண்டிடுச்சு"ன்னு தனியா ஒரு கோட் இருக்கு.

நடைமுறையில எப்படி இருக்கும்? சிஸ்கோ ரவுட்டர்ல நெய்பர் பேருக்குப் பக்கத்துல "மேக்சிமம் ப்ரிஃபிக்ஸ் 100"ன்னு எழுதினா போதும். அந்த நம்பர்ல 75 சதவீதம் வந்தாலே லாக்ல எச்சரிக்கை வந்துடும், அது டீஃபால்ட். தாண்டினா செஷன் விழும். நீங்க போய் கையால கிளியர் பண்ற வரைக்கும் எழுந்திருக்காது. வேணும்னா "30 நிமிஷம் கழிச்சுத் திரும்ப முயற்சி பண்ணு"ன்னு சொல்லலாம். "எச்சரிக்கை மட்டும் போதும், துண்டிக்காதே"ன்னும் சொல்லலாம். ஜூனிப்பர்ல, பேர்டுல எல்லாம் வார்த்தை வேற, விஷயம் ஒண்ணுதான்.

ஒரு நுணுக்கம். எண்ணிக்கையை எப்போ எடுக்கிறது? பக்கத்து ரவுட்டர் அனுப்பினதை எண்றதா, நம்ம ஃபில்டர் கழிச்சது போக மீதியை எண்றதா? ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ஃபில்டர் கறாரா இருந்தா, அவங்க 20 ஆயிரம் அனுப்பினாலும் உள்ள வர்றது 40தான். ஃபில்டருக்குப் பிறகு எண்ணினா லிமிட் அடிக்கவே அடிக்காது. பக்கத்துல என்னவோ எரியுதுங்கிறதே உங்களுக்குத் தெரியாது. ஃபில்டருக்கு முன்னாடி எண்ணினா உடனே தெரிஞ்சிடும். பேர்டுல இதுக்காகவே "ரிசீவ் லிமிட்", "இம்போர்ட் லிமிட்"னு ரெண்டு தனித்தனி செட்டிங் இருக்கு. முதல்ல சொன்னது ஃபில்டருக்கு முன்னாடி, அடுத்தது ஃபில்டருக்குப் பின்னாடி.

எந்த நம்பர்?

கஷ்டமே இங்கதான். கமாண்ட் யார் வேணும்னாலும் அடிச்சுடலாம்.

கஸ்டமரா இருந்தா, இப்போ எத்தனை ரூட் வருதுன்னு பாருங்க. 8 வருதுன்னா 20, 30னு வைக்கலாம். வளர கொஞ்சம் இடம், ஆனா லீக் ஆனா உடனே அடிக்கணும். பியரிங்கா இருந்தா, பியரிங்டிபின்னு ஒரு பொது டேட்டாபேஸ் இருக்கு. எங்களுக்கு இத்தனை ப்ரிஃபிக்ஸ் லிமிட் வச்சுக்கோங்கன்னு ஒவ்வொரு நெட்வொர்க்கும் அதுல தானே எழுதி வைக்கும். பல நெட்வொர்க்குகள் ஸ்கிரிப்ட் போட்டு அந்த நம்பரை எடுத்து ரவுட்டர்ல ஏத்திடுது. அப்ஸ்ட்ரீம் முழு டேபிளையும் அனுப்புறவங்களா இருந்தா, லிமிட் உலக டேபிளைவிட மேல இருக்கணும். பியரா இருந்தா உலக டேபிளைவிடக் கீழ இருக்கணும். பிஜிபி பாதுகாப்பு பத்தி 2015ல வந்த ஆர்எஃப்சி 7454 இதையேதான் சொல்லுது.

இப்போ இதோட மறுபக்கம். ஒரு சின்ன ஊர் ஐஎஸ்பியை நினைச்சுக்கோங்க. ரெண்டு அப்ஸ்ட்ரீம். சில வருஷத்துக்கு முன்னாடி உலக டேபிள் ஏழரை லட்சமா இருந்தப்போ, நல்ல இன்ஜினியர் ஒருத்தர் ரெண்டுலயும் 9 லட்சம்னு லிமிட் வச்சுட்டு வேற வேலைக்குப் போயிட்டார். எச்சரிக்கை லாக்ல வந்துட்டே இருக்கு, பார்க்க ஆள் இல்லை. டேபிள் ஒவ்வொரு வருஷமும் வளருது. ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு 9 லட்சத்தைத் தாண்டுது. ரெண்டு அப்ஸ்ட்ரீமும் அனுப்புறது அதே உலக டேபிள்தானே? ரெண்டு செஷனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல விழும். யாரும் லீக் பண்ணலை, யாரும் தப்பு பண்ணலை. ஊரே ஆஃப்லைன்.

அந்த ராத்திரி போன்ல திட்டு வாங்கினவர் மறுநாள் என்ன பண்ணுவார்? லிமிட்டை எடுத்துடுவார். இல்லேன்னா ஒரு கோடின்னு போட்டுடுவார். பல இடத்துல லிமிட் இல்லாததுக்கு இது ஒரு முக்கியமான காரணம். சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. ஒருமுறை சுட்டுக்கிட்டாங்க.

அதனால இந்த நம்பரை ஒருமுறை வச்சுட்டு மறந்துடக்கூடாது. யாராவது அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும், 75 சதவீத எச்சரிக்கை லாக் ஃபைலுக்குள்ள செத்துப்போகாம ஒரு மனுஷனோட போனுக்கு வரணும். உண்மையா வளருற கஸ்டமருக்கு, "அடுத்த மாசம் இன்னும் 50 ரூட் அனுப்பப் போறேன்"னு முன்கூட்டியே சொல்ல ஒரு மெயில் ஐடியாவது இருக்கணும்.

2014ல நிறைஞ்ச மெமரி

லிமிட் வைக்க உங்க சொந்த நலனுக்கான காரணமும் ஒண்ணு உண்டு. ரூட்டை வேகமா தேட ரவுட்டர்ல டிகேம்னு தனி மெமரி இருக்கும். விலை ஜாஸ்தி, அளவு கம்மி. ரொம்பப் புழக்கத்துல இருந்த சில பழைய சிஸ்கோ ரவுட்டர்கள்ல ஐபிவி4க்கு டீஃபால்ட்டா 512கே, அதாவது சுமார் 5.24 லட்சம் ரூட்டுக்குத்தான் இடம். 2014 ஆகஸ்ட் 12 அன்னைக்கு உலக டேபிள் 5 லட்சத்தைத் தாண்டி அந்த விளிம்புலதான் இருந்தது. அப்போ வெரைசன்லேர்ந்து சுமார் 15 ஆயிரம் புது ரூட் திடீர்னு வந்து விழுந்தது. எல்லாம் அவங்களோட சொந்த முகவரிதான், உடைச்சு அனுப்பிட்டாங்க. பல இடத்துல பழைய ரவுட்டர்கள் மெமரி நிறைஞ்சு திணறிடுச்சு. ஈபே உட்படப் பல சேவைகளுக்கு அன்னைக்குப் பாதிப்பு. பக்கத்துலேர்ந்து வர்றதை எண்ணாம வாங்கினா உங்க வீட்டுச் சுவரே இடியலாம்.

எண்ணிக்கையால பிடிக்க முடியாதது

இவ்வளவு சொல்லிட்டு இதுவே சர்வரோக நிவாரணின்னு சொன்னா அது பொய். 2008 பிப்ரவரி 24. யூடியூபை நாட்டுக்குள்ள தடை பண்ணச் சொல்லி பாகிஸ்தான் அரசு உத்தரவு. பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபோட 208.65.153.0/24 பிளாக் தன்கிட்ட இருக்குன்னு நாட்டுக்குள்ள அறிவிச்சு, வர்ற டிராஃபிக்கைத் தூக்கிப் போடப் பார்த்தது. அந்த அறிவிப்பு வெளியே இருந்த அப்ஸ்ட்ரீமுக்கும் போயிடுச்சு. அவங்களும் நம்பி உலகத்துக்குச் சொல்லிட்டாங்க. யூடியூப் அறிவிச்சிருந்தது /22. இது /24. குறிப்பா சொன்னது ஜெயிச்சிடுச்சு. சுமார் ரெண்டு மணி நேரம் உலகத்துல பல இடத்துல யூடியூப் இல்லை.

எத்தனை ப்ரிஃபிக்ஸ் தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. எந்த மேக்சிமம் லிமிட்டும் அதைப் பிடிக்காது.

நம்ம நாட்டு உதாரணமும் இருக்கு. 2015 மார்ச் 12, ஹாத்வே நெட்வொர்க் கூகுளோட 300க்கும் மேற்பட்ட ப்ரிஃபிக்ஸை தன்னோட அப்ஸ்ட்ரீமான ஏர்டெலுக்கு லீக் பண்ணிடுச்சு. கொஞ்ச நேரம் கூகுள் சேவைகள் பல இடத்துல தடுமாறின. ஹாத்வே மாதிரி பெரிய கேபிள் நெட்வொர்க் இயல்பாவே நிறைய ரூட் அனுப்பும். அதுல ஒரு 300 கூடினா, தாராளமா வச்ச லிமிட்டுக்குள்ளயே அடங்கிடலாம். அதுவே 2021 ஏப்ரல் 16 அன்னைக்கு வோடஃபோன் ஐடியா நெட்வொர்க்லேர்ந்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுத்தவங்க ப்ரிஃபிக்ஸ் வெளியே போச்சு. லிமிட் பிடிக்க வேண்டியது இந்த ரகத்தைத்தான்.

அதனால அடுக்கடுக்கா வைக்கணும். கஸ்டமர் எந்தெந்த ப்ரிஃபிக்ஸ் அனுப்பலாம்னு பட்டியல் போட்டு ஃபில்டர் பண்றது ஒரு அடுக்கு. ஆர்பிகேஐ இன்னொரு அடுக்கு, "இந்த பிளாக் இந்த ஏஎஸ்-க்குச் சொந்தம், இதுக்கு மேல உடைக்கக்கூடாது"ன்னு சொந்தக்காரரே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வைக்கிறது. 2019ல கிளவுட்ஃப்ளேர் அந்த /20க்குக் கையெழுத்துப் போட்டு, அதைவிடச் சின்னதா உடைச்சா செல்லாதுன்னும் சொல்லியிருந்தது. வெரைசன் அதைச் சரிபார்த்திருந்தா அந்த /21கள் வாசல்லயே நின்னிருக்கும். 2017ல ஆர்எஃப்சி 8212 வந்தது. பாலிசி எதுவும் எழுதலைன்னா ரவுட்டர் எதையும் வாங்கவும் கூடாது, சொல்லவும் கூடாதுங்கிறது அது.

ஆனா பட்டியல் பழசாகும். ஆர்பிகேஐ-ல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாங்க. இந்த அடுக்குகள் ஓட்டையாகிறப்போ கடைசியா நிக்கிறது எண்ணிக்கைதான். அதுக்கு எந்த டேட்டாபேஸும் வேண்டாம், யாரோட ஒத்துழைப்பும் வேண்டாம். இன்னைக்கே வைக்கலாம்.

பெரிய நெட்வொர்க்குக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. 2017 ஆகஸ்ட் 25, கூகுளே தப்பு பண்ணுச்சு. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டை வெரைசனுக்குச் சொல்லிடுச்சு. ஜப்பான்ல நெட்வொர்க்குகள் முடங்கிப் பெரிய பிரச்சினையாச்சு. 8 நிமிஷத்துல திருத்திட்டோம்னு கூகுள் சொன்னது. ஆனா பாதிப்பு அதுக்கு மேலயும் நீடிச்சது. திறமையானவங்க நிறைஞ்ச கம்பெனிதான். ஆனாலும் கை தவறும்.

அடி யாருக்கு விழுது?

எனக்கு இதுல ரொம்ப உறுத்துற விஷயம் இதுதான்.

வெரைசனும் உலோகக் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டவங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு லிமிட் இல்லை. ஆனா அடிபட்டது அந்த ஒப்பந்தத்துலயே இல்லாதவங்க. அன்னைக்கு சாயங்காலம் ஒரு சின்ன கடையோட பேமென்ட் பேஜ் திறக்கலைன்னா, அந்தக் கடைக்காரருக்கு பென்சில்வேனியா எங்க இருக்குன்னே தெரிய வேண்டாம். அவர் யாரைக் கேட்பார்? தன்னோட டெவலப்பரைத்தான் திட்டுவார். டெவலப்பர் லாக்கைப் பார்த்தா, சர்வர் சும்மா ஜம்முனு இருக்கு.

லிமிட் வச்சிருந்து அது அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? உலோகக் கம்பெனியோட ஒரு லிங்க் விழும். அவங்ககிட்டேர்ந்து வெரைசனுக்கு ஒரு கோபமான போன் வரும். லிமிட் வைக்காதவனுக்கு அந்த போன் வராது. வலி எல்லாம் உலகத்துல எங்கேயோ, பேர் தெரியாத ஆயிரம் பேருக்குப் பிரிஞ்சு போயிடும். கணக்கு இப்படி இருக்கிறதாலதான் 30 வருஷமா இதே கதை நடந்துட்டு இருக்கு.

ஆமா, 30 வருஷம்தான். 1997 ஏப்ரல் 25. அமெரிக்காவுல வர்ஜீனியாவுல ஒரு சின்ன ஐஎஸ்பி, ஏஎஸ் 7007. அவங்க ரவுட்டர் உலக டேபிளை /24களா உடைச்சு, எல்லாமே தன்னுதுன்னு அப்ஸ்ட்ரீமுக்குச் சொல்லிடுச்சு. இன்டர்நெட்டோட பெரும்பகுதி அந்தச் சின்ன லிங்க்கைத் தேடி ஓடி வந்தது. ரவுட்டரோட கேபிளைப் பிடுங்கின பிறகும் அந்தப் பொய் ரூட்டுகள் வெளியே சுத்திட்டே இருந்தது. பொய் ஒருமுறை கிளம்பிட்டா, கிளப்பினவரே நினைச்சாலும் திரும்பப் பிடிக்க முடியாது. அதனாலதான் வாங்குற இடத்துல நிறுத்தணும்.

ஒரு நெட்வொர்க் இன்ஜினியர் "மேக்சிமம் ப்ரிஃபிக்ஸ் 30"ன்னு எழுதும்போது, தன் கம்பெனிக்கு மட்டும் அவர் வேலை பார்க்கலை. தனக்குத் தெரியாத ஒரு கடைக்காரரோட பேமென்ட் பேஜுக்கும் சேர்த்துத்தான். அதுக்கு யாரும் அவருக்கு நன்றி சொல்லப் போறதில்லை, ஏன்னா எதுவும் நடக்காது. நடக்காம போனதை யாரும் கவனிக்கிறதில்லை.

நாம என்ன எடுத்துக்கலாம்?

நம்மள்ல பல பேர் ரவுட்டரைத் தொடவே போறதில்லை. கோட் எழுதுறோம், டேட்டா பைப்லைன் ஓட்டுறோம். ஆனா இதே கேள்வி அங்கயும் இருக்கு. தினமும் 500 ரெக்கார்டு அனுப்புற இன்னொரு டீமோட சர்வீஸ், ஒருநாள் 5 லட்சம் அனுப்பினா உங்க கோட் என்ன பண்ணும்? அப்படியே வாங்கி அடுத்தவங்களுக்குத் தள்ளிவிடுமா, நின்னு கேட்குமா? ராத்திரி ஓடுற கிளீனப் ஸ்கிரிப்ட் வழக்கமா 50 வரி அழிக்கும். இன்னைக்கு 50 ஆயிரம் அழிக்கப் போகுதுன்னா, அழிக்கிறதுக்கு முன்னாடி யாரையாவது எழுப்புமா? உள்ள வர்றது ஒவ்வொண்ணும் சரியான்னு பார்க்கிற வேலிடேஷன் நாம எல்லாரும் எழுதுறோம். மொத்தமா எத்தனை வருதுன்னு பார்க்கிறது ரொம்பக் கம்மி.

அப்படி வைக்கிறப்போ அந்தச் சின்ன ஊர் ஐஎஸ்பியையும் ஞாபகம் வச்சுக்கோங்க. நம்பரை யார் பார்த்துக்கிறது, எச்சரிக்கை யார் போனுக்கு வரும்ங்கிறதையும் சேர்த்து எழுதுங்க.

நெட்வொர்க் வேலையில இருக்கிறவங்க யாராவது கேட்டுட்டிருந்தா, உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். நாளைக்கு உங்க ரவுட்டர்ல நெய்பர் லிஸ்ட்டை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் எத்தனை ரூட் வருது, லிமிட் எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. லிமிட் காலியா இருக்கிற வரி எத்தனைன்னு கமெண்ட்ல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம், நம்பர் மட்டும் போதும்!

அடுத்த எபிசோடுல ஆர்பிகேஐ-யை மட்டும் தனியா எடுத்து, அந்தக் கையெழுத்து எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம். அதுவரைக்கும், பத்திரமா இருங்க மக்களே.